பூட்டிக் கிடந்த ஊர் வீட்டுல ஏசி போடறதுக்கு முன்னாடி

நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துல நெறைய வீடு வருஷத்துல முக்காவாசி நாள் பூட்டித்தான் கிடக்கு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல்னு எந்த ஊருக்குப் போனாலும் இதேதான், பங்காளிக சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர்னு இருப்பாக, ஒரு கல்யாணம், அறுபதாங்கல்யாணம், முன்னோருக்குப் படைக்கற படைப்புன்னு வந்தாத்தான் கதவு திறக்கும். முன்னாடி வந்தா பட்டாலையில, அதான் பெரிய கூடத்துல, பாயை விரிச்சு எல்லாரும் வரிசையா படுத்துக்குவோம், இப்ப சின்னப் பிள்ளைகளும் வயசானவுகளும் இருக்கறதால ரெண்டு ரூமுக்காவது ஏசி மாட்டி வச்சிருக்காக. வந்த அன்னைக்கு ராத்திரி ரிமோட்டை அமுக்கினா ஒண்ணு ஆன் ஆகாது, இல்லைன்னா காத்து வரும் குளிர் வராது, இல்லைன்னா கட்டில் மேல தண்ணி சொட்டும். கல்யாண சீசன்ல மெக்கானிக் கிடைக்கறதே கஷ்டம், கிடைச்சு வந்தாலும் பத்து நிமிஷத்துல "கேஸ் போச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிருவாரு.

புதுசா ஊர் வீட்டுப் பொறுப்பை கையில எடுத்துருக்கறவுகளுக்காக இதை எழுதறேன். ஏசி, ஃபேன், கீசர் மூணும் சும்மா கிடந்த வீட்டுல எப்படி கெடும், எந்த வரிசையில பாக்கணும், எது நாம தொடலாம் எது தொடக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி பிரச்சினையை நீங்களே முடிச்சுரலாம், மீதிக்கு மெக்கானிக்கிட்ட சரியா பேசலாம். வரிசை இதுதான்: முதல்ல கரண்ட், அடுத்து காத்து, அடுத்து தண்ணி, எல்லாம் பாத்து முடிச்ச பிறகுதான் கேஸ். நம்ம ஊர்ல எல்லாரும் இதை தலைகீழா பண்றாக, எடுத்தவுடனே கேஸ் அடிக்கறாக, அதுலதான் காசும் போகுது மெஷினும் போகுது.

ஏசி குளிரை உண்டாக்கற மெஷின் இல்லை. ரூமுக்குள்ள இருக்கற சூட்டை உறிஞ்சி வெளிய கொண்டுபோய் கொட்டுற மெஷின். உள்ள இருக்கற காயில்ல கேஸ் ஆவியாகி சூட்டை வாங்குது, வெளிய இருக்கற கம்ப்ரசர் அதை அழுத்தி கண்டென்சருக்கு அனுப்புது, அங்க ஃபேன் காத்து பட்டு சூடு வெளிய போயிருது, கேஸ் திரும்ப திரவமாகி உள்ள வருது. அந்தக் கேஸ் மூடின குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு, பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற சமாச்சாரம் இல்லை. குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஓட்டை இருக்கு. இது ஒண்ணு மனசுல நின்னாலே போதும், பின்னால ரொம்ப உதவும்.

வீட்டைத் திறந்த அன்னைக்கு

வந்து இறங்கின உடனே ஏசியை போடாதீங்க. ஏசி லைனோட எம்சிபியை (அளவுக்கு மேல கரண்ட் போனா தானா விழற சுவிட்ச்) ஆஃப் பண்ணிட்டு, பகல் வெளிச்சத்துல வெளிய இருக்கற அவுட்டோர் யூனிட்கிட்ட போங்க. கையில டார்ச் இருக்கட்டும். பின்கட்டுல, தோட்டத்துப் பக்கம் வச்சிருந்தா வேப்பஇலை, காஞ்ச சருகு, சிலந்தி வலை எல்லாம் கண்டென்சர் தகட்டை மூடியிருக்கும். அணில் கூடு கட்டியிருக்கும், ஃபேன் கிரில்லுக்குள்ள தேங்காய் நார் தெரிஞ்சா அதுதான். குளவி இருக்கான்னு தள்ளி நின்னு பாருங்க, இருந்தா கை வைக்காதீங்க. அப்புறம் உள்ளயிருந்து வர்ற செப்புக் குழாய் மேல சுத்தின கருப்பு ஃபோமைப் பாருங்க, எலியும் அணிலும் அதைத்தான் கடிக்கும், கூடவே ஓடுற வயரையும் சேத்துக் கடிச்சிருக்கும். வயர்ல செப்பு தெரியுதுன்னா அங்கேயே நிறுத்திருங்க, எலக்ட்ரீஷியன் வந்து மாத்தாம எம்சிபியை போடவே கூடாது.

பல்லி விஷயத்தை தனியா சொல்லணும். பூட்டிக் கிடக்கற வீட்டுல அவுட்டோர் யூனிட்டோட எலக்ட்ரிக் பெட்டி பல்லிக்கும் எறும்புக்கும் நல்ல இடம், மழை படாது, கதகதப்பா இருக்கும். பழைய மாடல்ல கான்டாக்டர்னு ஒரு சுவிட்ச் இருக்கும், ரெண்டு உலோகப் புள்ளி ஒட்டினாத்தான் கம்ப்ரசருக்கு கரண்ட் போகும், அந்த இடுக்குல எறும்பு பூந்து நசுங்கி கருகி ஒட்டிக்கும், அப்ப உள்ள டிக் டிக்னு சத்தம் கேக்கும், கம்ப்ரசர் ஓடாது. கம்ப்ரசர் வேகத்தை எலக்ட்ரானிக் போர்டு வச்சு கூட்டிக் குறைக்கற இன்வெர்ட்டர் மாடல்ல பல்லி அந்த போர்டு மேல குறுக்க விழுந்து செத்தா போர்டே போயிரும், அதோட விலை சின்ன விலை இல்லை. அந்தப் பெட்டியை நீங்க திறக்க வேண்டாம், உள்ள இருக்கற கெப்பாசிட்டர் கரண்டை நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் ஷாக் அடிக்கற அளவுக்கு சார்ஜ் பிடிச்சு வச்சிருக்கும். ஆனா சர்வீஸுக்கு வர்ற தம்பிகிட்ட "பெட்டியைத் திறந்து ப்ரஷ் போட்டு சுத்தம் பண்ணிட்டு, வயர் நுழையற ஓட்டையை அடைச்சுக் குடுங்க"ன்னு கேளுங்க. கேக்காம யாரும் பண்ண மாட்டாக, பண்ணினா அடுத்த தடவை வர்றப்ப பெரிய செலவு ஒண்ணு மிச்சம்.

கரண்ட்

பழைய வீட்டு வயரிங் ஃபேனுக்கும் பல்புக்கும் போட்டது. அந்த லைன்லயே ஏசியை சேக்கறது தீயை வீட்டுக்குள்ள வச்சிருக்கற கதைதான், மேல பர்மா தேக்கு உத்தரமும் பலகையுமா இருக்கற வீட்டுல இதை ரொம்ப கவனமா பாக்கணும். ஒன்றரை டன் ஏசிக்கு மெயின் போர்டுலருந்து தனி லைன் வரணும், 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், தனி 20 ஆம்ப் எம்சிபி, கண்டிப்பா எர்த். எர்த் இல்லாத வீடு நெறைய இருக்கு, எர்த் குழி இருந்தாலும் வருஷக்கணக்கா தண்ணி ஊத்தாம காஞ்சு போய்க் கிடக்கும். எலக்ட்ரீஷியனை வச்சு ஒரு தடவை மீட்டர்ல பாத்துருங்க, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் என்ன வோல்ட் காட்டுதோ கிட்டத்தட்ட அதுவே ஃபேஸுக்கும் எர்த்துக்கும் காட்டணும். கரண்ட் கசிஞ்சா உடனே லைனை வெட்டற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இல்லைன்னா ஏசி வாங்கற காசுல அதையும் சேத்து போட்டுருங்க.

வோல்டேஜ் அடுத்தது. கத்திரி வெயில் மே 4லருந்து 28 வரைன்னு காலண்டர்ல போட்டிருப்பாக, அந்த நாள்ல தெருவுல எல்லா வீட்டு ஏசியும் ஓடும்போது ராத்திரி 9 மணிக்கு மேல உங்க வீட்டு வோல்டேஜ் எவ்வளவு நிக்குதுன்னு ஸ்டெபிலைசர் டிஸ்ப்ளேல பாருங்க. 230 வரணும். ரொம்ப இறங்கினா பழைய மாடல் கம்ப்ரசர் ஸ்டார்ட் எடுக்க முடியாம முனகிட்டு நின்னுரும், திரும்பத் திரும்ப அப்படி முனகினா அதோட மோட்டார் காயில் கருகிடும். "என் ஏசி ஸ்டெபிலைசர் இல்லாமலே ஓடும்"னு கடையில சொல்லியிருப்பாக, அது எத்தனை வோல்ட்லருந்து எத்தனை வோல்ட் வரைக்கும்னு மேனுவல்ல போட்டிருக்கும், உங்க வீட்டு வோல்டேஜ் அதுக்குள்ள நின்னா வேண்டாம், நிக்கலைன்னா ஸ்டெபிலைசர் வாங்கித்தான் ஆகணும்.

ப்ளக்கையும் பாத்துருங்க. ப்ளக் பின் பழுப்பாகியிருக்கு, சாக்கெட் ஓரம் உருகின மாதிரி இருக்கு, பிளாஸ்டிக் வாடை அடிக்குதுன்னா லூஸ் காண்டாக்ட், உடனே மாத்தணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஏசி மாட்டறது எந்தக் காரணத்துக்கும் கூடாது, "ஒரு ராத்திரி தானே"ன்னு விசேஷ வீட்டுல மாட்டுறாக, அந்த ஒரு ராத்திரியே போதும்.

எம்சிபி ட்ரிப் ஆனா எப்ப ஆகுதுன்னு கவனிங்க. போட்ட உடனே விழுந்தா எங்கயோ ஷார்ட், திரும்பத் திரும்ப மேல தூக்கி விடாதீங்க. பத்து இருவது நிமிஷம் ஓடிட்டு விழுந்தா லூஸ் கனெக்ஷனோ, அவுட்டோர் யூனிட் தூசியில அடைச்சு மூச்சுத் திணறி கூடுதல் கரண்ட் இழுக்கறதோ காரணமா இருக்கும், ரெண்டாவதுன்னா கண்டென்சரை கழுவினாலே சரியாயிரும்.

காத்து

உள்ள இருக்கற யூனிட்டோட முன் மூடியைத் தூக்கினா வலை மாதிரி ஃபில்டர் ரெண்டு இருக்கும். எம்சிபி ஆஃப்ல இருக்கும்போது உருவி எடுத்து, குழாய்த் தண்ணியில தூசி இல்லாத பக்கத்துலருந்து அடிச்சுக் கழுவுங்க, சுடுதண்ணி வேண்டாம், நெளிஞ்சுரும். நிழல்ல நல்லா காய வச்சு மாட்டுங்க. தினமும் ஓடற ஏசிக்கு ரெண்டு வாரத்துக்கு ஒருக்க இதைப் பண்ணணும். விசேஷ வீட்டுல சாம்பிராணி, ஹோமப் புகை, கூட்டிப் பெருக்கற தூசி எல்லாம் அங்கதான் போய் ஒட்டும், அதனால வேலை முடிஞ்சு எல்லாரும் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு கழுவு கழுவிருங்க.

ஃபில்டருக்குப் பின்னாடி அலுமினியத் தகடு வரிசையா தெரியும், மெல்லிசு, கையால அழுத்தாதீங்க, வளைஞ்சா காத்து போகாது, ஓரம் வேற கையை கிழிச்சுரும். மேலாப்புல இருக்கற தூசியை சாஃப்ட் ப்ரஷ்ஷால மேலருந்து கீழ இழுத்தா போதும். உருளை மாதிரி இருக்கற ப்ளோயர்ல அழுக்கு கெட்டியா படிஞ்சு கருப்பா இருந்தா அது உங்களால முடியாது, சர்வீஸ்ல பை கட்டி பம்ப் வச்சுக் கழுவுவாக. ஆசிட் கலந்து அடிக்கறேன்னா வேண்டாம்னு சொல்லுங்க, பளிச்சுனு ஆகும், ஆனா அலுமினியத்தை அரிச்சுரும்.

வெளிய இருக்கற கண்டென்சரை எம்சிபி ஆஃப் பண்ணிட்டு தோட்டத்து ஹோஸ்ல மெதுவா தண்ணி விட்டுக் கழுவலாம், எலக்ட்ரிக் பெட்டி இருக்கற பக்கம் பீச்ச வேண்டாம். அந்த யூனிட் எங்க நிக்குதுங்கறது இதைவிட முக்கியம். வளவு முற்றத்துல, அதான் வீட்டு நடுவுல இருக்கற திறந்த முற்றத்துல, வச்சிருக்கறதைப் பாத்திருக்கேன், நாலு பக்கமும் சுவரும் தூணுமா இருக்கற இடத்துல அது கக்கற சூடு அங்கேயே சுத்திச் சுத்தி அதுவே திரும்ப உறிஞ்சிக்கும், ஏசி ஓடிக்கிட்டே இருக்கும், குளிராது, முற்றம் பூரா வெக்கையாயிரும், அந்த வீட்டுக்கு காத்து வர்ற வழியே முற்றந்தான். நாட்டு ஓடு வேஞ்ச கூரை மேல வைக்கவே கூடாது. பின்பக்கம் திறந்த வெளியில, தரையில ஸ்டாண்ட் போட்டு, பின்னாடி ஒரு சாண் இடமும் முன்னாடி மூணு அடிக்குக் குறையாத இடமும் விட்டு வைக்கறதுதான் சரி. பழைய சுண்ணாம்புச் சுவர்ல பிராக்கெட் அடிச்சுத் தொங்க விட்டா ஆட்டத்துல போல்ட் லூஸாகி செங்கல்லோட வரும், அதனாலயும் தரைதான் நல்லது.

தண்ணி

கட்டில் மேல தண்ணி சொட்டுதுன்னா ஏசி உடைஞ்சிருச்சுன்னு பயப்பட வேண்டாம். குளிர்ந்த காயில்ல காத்துல இருக்கற ஈரம் பட்டு தண்ணியாகி கீழ இருக்கற தட்டுல விழும், அங்கருந்து பைப் வழியா வெளிய போகணும், அந்த பைப் அடைச்சா உள்ள வழியும், அவ்வளவுதான். சும்மா கிடந்த வீட்டுல இந்த பைப்போட வெளி முனைக்குள்ள மண்குளவி கூடு கட்டிரும். ஒரு விரல் கூட நுழையாத பைப்புக்குள்ள ஈர மண்ணைக் கொண்டுவந்து அப்பி, காஞ்சா செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும், வெளியருந்து பாத்தா பைப் கலர்லயே இருக்கறதால கண்ணுக்கே தெரியாது. ஒரு குச்சியை விட்டுப் பாருங்க, தட்டுச்சுன்னா பைப்பை லேசா அமுக்கி உருட்டி மண்ணை உடைச்சு வெளிய எடுங்க. பிறகு உள்ள ஃபில்டரைக் கழட்டிட்டு காயில் மேல பாட்டில்ல தண்ணி எடுத்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, வெளிய ஒழுங்கா வந்தா வேலை முடிஞ்சது. முனைக்கு கொசுவலைத் துண்டை சுத்தி கட்டி விட்டா குளவி வராது, வலையில பாசி பிடிக்காம அப்பப்ப பாத்துக்கணும்.

பைப் வழி நெடுக சாய்வா கீழ இறங்கிக்கிட்டே போகணும், நடுவுல தொங்கி மேல ஏறினா தண்ணி அங்க தேங்கும். நம்ம வீட்டுச் சுவர் ரொம்ப தடிமன், அதுல ஓட்டை போடறப்ப வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ இருக்கற மாதிரி சாய்ச்சு, வட்டமா அறுக்கற கோர் கட்டர் மெஷின்ல போடச் சொல்லுங்க. உளியும் சுத்தியலும் வச்சு இடிச்சா சுண்ணாம்புப் பூச்சு சுத்தி ஒரு அடிக்கு விரிசல் விட்டு உதிரும். முட்டை வெள்ளைக்கரு சேத்து அரைச்சுப் பூசி, கல்லால தேச்சு, இத்தனை வருஷம் கண்ணாடி மாதிரி நிக்கற பூச்சு அது. அதை சிமெண்ட் வச்சு அடைச்சா சுவருக்குள்ள ஈரம் நின்னு பக்கத்துல உள்ளதும் பொரிஞ்சு வரும், சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிஞ்ச கொத்தனாரைக் கூப்பிட்டுத்தான் அடைக்கணும். அந்த பைப்புல வர்ற தண்ணியும் சுவரை நனைக்காம தள்ளி விழணும். ஏசி ரிப்பேர் ஒரு நாள் வேலை, அந்தப் பூச்சு போனா அதே மாதிரி திரும்ப வாங்க முடியாது, அதனால இதுல மட்டும் கொஞ்சம் பிடிவாதமாவே இருங்க.

ஏசி பைப்புல வர்ற தண்ணியை வாளியில பிடிச்சு ஆத்தங்குடி கல் தரையைத் துடைக்கலாம், செடிக்கு ஊத்தலாம். கரண்ட் போனா ஓடற வீட்டு இன்வெர்ட்டரோட பேட்டரிக்கு ஊத்த வேண்டாம், அதுல தூசியும் உலோகமும் கலந்திருக்கும், டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும்.

சோதிச்சுப் பாக்கறது

இதெல்லாம் முடிச்சு எம்சிபியைப் போடுங்க. முதல்ல அரை மணி நேரம் ஃபேன் மோடுல மட்டும் ஓட விடுங்க, உள்ள இருக்கற ஈர வாடை போகும், கதவைத் திறந்தே வைங்க. பிறகு கதவைச் சாத்திட்டு கூல் மோடு, 18 டிகிரி, ஃபேன் ஃபுல். இது சோதனைக்கு மட்டும். மூணு நிமிஷம் கம்ப்ரசர் ஓடாது, அது பாதுகாப்புக்காக வச்ச தாமதம், அதுக்குள்ள ஆஃப் பண்ணி ஆன் பண்ணி விளையாடக்கூடாது. கால் மணி நேரம் ஆன பிறகு ஒரு தெர்மாமீட்டரை மேல காத்து உள்ள போற இடத்துலயும், கீழ காத்து வெளிய வர்ற இடத்துலயும் பிடிச்சுப் பாருங்க. 8லருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தா மெஷின் நல்லா இருக்கு, ரூம் குளிரலைன்னா குறை ரூம்லதான் இருக்கு. மழைநாள்ல ஈரம் அதிகமா இருந்தா வித்தியாசம் கொஞ்சம் குறையும், அது சகஜம்.

ஆன் ஆகவே இல்லைன்னா ரிமோட் பேட்டரியை மாத்துங்க, ரிமோட் முனையை போன் செல்ஃபி கேமராவுக்கு நேரா காட்டி பட்டனை அமுக்கினா பல போன்ல விளக்கு மினுக்கறது தெரியும், அப்ப ரிமோட் நல்லா இருக்கு. இன்டோர் யூனிட் மூடிக்கு உள்ள ஒரு சின்ன பட்டன் இருக்கும், அதை அமுக்கினா ரிமோட் இல்லாமலே ஓடும். மோடு ட்ரையிலயோ ஃபேன்லயோ நிக்குதான்னும் பாருங்க, பிள்ளைக கையில ரிமோட் போனா இது நடக்கும். விளக்கு விட்டு விட்டு எரிஞ்சா எத்தனை தடவை எரியுதுன்னு வீடியோ எடுத்து வைங்க, அது எரர் கோடு, மெக்கானிக்குக்கு அனுப்பினா தேவையான பார்ட்டோட வருவாரு.

காயில்ல ஐஸ் கட்டியிருந்தா கூலிங்கை நிறுத்திட்டு ஃபேன் மோடுல ரெண்டு மூணு மணி நேரம் ஓட விட்டு கரையட்டும், சுரண்டாதீங்க. சுத்தமான ஃபில்டரோட, ப்ளோயரும் நல்லா ஓடும்போது திரும்ப ஐஸ் கட்டினா, அல்லது வெளிய சின்ன குழாய் வால்வுல வெள்ளையா பனி படிஞ்சா, இப்பத்தான் கேஸை சந்தேகப்படணும். குழாய் நட்டு சேர்ற இடத்துல எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பெரும்பாலும் கசிவு அங்கதான்.

எங்க சொந்தத்துல ஒரு ஆச்சி வீட்டுல மெக்கானிக் "கேஸ் போச்சு ஆச்சி, அடிச்சுரவா"ன்னாரு, ஆச்சி "போனது எந்த வழியா போச்சுப்பா, அதை மொதல்ல காட்டு"ன்னாக. அதுதான் கேக்க வேண்டிய கேள்வி. நைட்ரஜன் அடிச்சு பிரஷர் நிக்குதான்னு பாக்கணும், சோப்புத் தண்ணி தடவி நுரை வர்ற இடத்தைப் பிடிக்கணும், ஓட்டையை அடைச்ச பிறகு வேக்குவம் பம்ப் போட்டு உள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் இழுக்கணும், அப்புறம் யூனிட் மேல ஒட்டியிருக்கற தகட்டுல என்ன கேஸ், எத்தனை கிராம்னு போட்டிருக்கோ அதை தராசுல வச்சு அளந்து ஏத்தணும். பழைய மெஷின்ல ஆர் 22 இருக்கும், இப்ப வர்றதுல ஆர் 32 அதிகம், சிலதுல ஆர் 290. ஆர் 32 லேசா தீப்பிடிக்கற தன்மை உள்ளது, ஆர் 290ங்கறது புரொப்பேன், சமையல் கேஸ் இனம், அதனால பக்கத்துல விளக்கோ அடுப்போ பீடியோ இருக்கவே கூடாது. ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணை மாத்தி அடிக்கவும் கூடாது. தராசும் வேக்குவம் பம்பும் இல்லாம வந்து "டாப் அப் பண்ணிட்டுப் போறேன்"ங்கறவரை டீ குடுத்து அனுப்பிருங்க.

ரூமும் வீடும்

ஏசிக்கு எந்த ரூம்? கீழ் தளத்துல வளவைச் சுத்தி இருக்கற சின்ன அறைதான் முதல் தேர்வு. தடிச்ச சுவர், வெயில் நேரா படாது, ஜன்னலும் கம்மி. மேமாடி ரூம் பகல் பூரா வாங்கின சூட்டை ராத்திரிதான் விடும், ஓட்டுக்கூரைக்கு நேர் கீழ இருந்தா ஓட்டு இடுக்கு வழியா குளிரும் போயிரும். கூரை உயரம் அதிகமா இருக்கறதால சதுர அடியை மட்டும் வச்சு டன் கணக்கு போட முடியாது, பத்தடி உயரத்துக்கு ஒரு டன் போதுங்கற அறைக்கு பதினாலு அடி உயரத்துல ஒன்றரை தேவைப்படும். மேல திறந்து கிடக்கற வெண்டிலேட்டரை கண்ணாடியோ அக்ரிலிக்கோ வச்சு மூடுங்க, கழட்டற மாதிரி இருக்கட்டும், ஏசி ஓடாத நாள்ல அந்த அறைக்கு அது வேணும்.

24 டிகிரியில வச்சு ஃபேனை மெதுவா ஓட விடுங்க. 2020 ஜனவரிலருந்து இங்க விக்கற ரூம் ஏசி எல்லாம் ஆன் பண்ணினா 24லதான் தொடங்கணும்னு விதியே இருக்கு, ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇ சொல்லுது. நம்ம கரண்ட் பில் கணக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்க, 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் ஸ்லாபுக்கே ரேட் மாறும், பத்து நாள் விசேஷத்துல ரெண்டு ஏசி ராத்திரி பகலா ஓடினா அது சாதாரணமா தாண்டிரும்.

பகல்ல வீட்டையே வேலை செய்ய விடுங்க. முகப்புலருந்து பின்வாசல் வரைக்கும் கதவெல்லாம் ஒரே கோட்டுல வச்சுக் கட்டினது காத்துக்காகத்தான். விடியக்காலையில அத்தனையும் திறந்து, வெயில் ஏறி பத்து மணி ஆனதும் சாத்தி, சாயங்காலம் முற்றத்துக் கல்லுல தண்ணி தெளிச்சுத் திரும்பத் திறந்தா, கீழ் தளத்துல மத்தியானம் ஏசி இல்லாமலே படுக்கலாம். ஏர் கூலர் வச்சிருந்தா அதையும் காத்து வெளிய போக வழி விட்டுத்தான் ஓட்டணும், பங்குனி சித்திரை காஞ்ச வெயில்ல நல்லா வேலை செய்யும், ஐப்பசி மழையில கசகசப்புதான் கூடும். வாரத்துக்கு ஒருக்க தொட்டித் தண்ணியைக் கொட்டி தேச்சுக் கழுவுங்க, டெங்கு கொசு அந்த மாதிரி நல்ல தண்ணியிலதான் முட்டை போடும்.

ஃபேன் மெதுவா சுத்தினா பெரும்பாலும் கெப்பாசிட்டர், 2.5 மைக்ரோஃபேரட்னு சாதாரணமா போட்டிருக்கும், பழசுல என்ன நம்பரோ அதையே வாங்கி எலக்ட்ரீஷியனை மாத்தச் சொல்லுங்க. உசரத்துலருந்து நீளக் கம்பியில தொங்கற ஃபேனுக்கு மேல இருக்கற போல்ட்டும் அதைப் பூட்டற சின்ன பின்னும் துருப்பிடிச்சிருக்கான்னு ஏணி போட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஆளுக கீழ படுக்கறதுக்கு முன்னாடி பாக்கணும்.

கீசரும், பூட்டிட்டுக் கிளம்பறதும்

மார்கழியிலயும் எண்ணெய் தேச்சுக் குளிக்கற நாள்லயும் கீசரைத் தேடுவோம். வந்த உடனே சுவிட்ச் போடாதீங்க, முதல்ல சுடுதண்ணிக் குழாயைத் திறந்து தண்ணி சீரா வருதான்னு பாருங்க, டேங்க் காலியா இருக்கும்போது போட்டா எலிமெண்ட் கருகிடும். பழைய தண்ணியை நல்லா ஓட விட்டுட்டுப் பயன்படுத்துங்க. சூடாக நேரமாகுது, உள்ள கடபுடன்னு சத்தம் வருதுன்னா எலிமெண்ட்ல உப்பு படிஞ்சிருக்கு, போர் தண்ணிக்கு இது சகஜம், கழட்டிச் சுத்தம் பண்ணும்போது உள்ள இருக்கற மக்னீசியம் கம்பியையும் பாக்கச் சொல்லுங்க. துருவை அதுதான் முதல்ல வாங்கிக்கும், அது கரைஞ்சு தீந்துட்டா அப்புறம் டேங்க்தான் துருப்பிடிக்கும். சேஃப்டி வால்வுல சொட்டு வருதேன்னு யாராவது அடைச்சு வச்சிருந்தா உடனே எடுத்துருங்க, உள்ள பிரஷர் ஏறி டேங்க் வெடிக்காம இருக்கறதுக்குத்தான் அது. குளிக்கப் போகும்போது சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுப் போறது நல்ல பழக்கம், எர்த் சரியில்லாத வீட்டுல அது கட்டாயம்.

கிளம்பற அன்னைக்கு ஏசியை ஒரு மணி நேரம் ஃபேன் மோடுல ஓட விட்டு காயிலைக் காய வைங்க. ஃபில்டரைக் கழுவிக் காய வச்சு மாட்டுங்க. எம்சிபி ஆஃப், கீசர் ஆஃப், ரிமோட் பேட்டரியை வெளிய எடுத்து ரிமோட்டோட ஒரு டப்பாவுல போட்டு வைங்க, உள்ளேயே விட்டா கசிஞ்சு ரிமோட்டைக் கெடுத்துரும். அவுட்டோர் யூனிட்டை பிளாஸ்டிக் போட்டு முழுசா சுத்தாதீங்க, ஈரம் அடைபடும், எலிக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும், தலைக்கு மேல மட்டும் ஒரு தகடு மறைப்பு போதும்.

வீட்டைப் பாத்துக்கறவுககிட்ட மாசத்துக்கு ஒருக்க ஒவ்வொரு ஏசியையும் அரை மணி நேரம் கூல்ல ஓட்டச் சொல்லுங்க, ஃபேனையும் சுத்த விடச் சொல்லுங்க, மெஷின் நடமாட்டமா இருந்தா எலியும் குளவியும் அணிலும் அங்க குடியேறறது குறையும். அவுக கையில வெறும் சாவியை மட்டும் குடுக்காம, எம்சிபி பெட்டி கதவுக்கு உள்பக்கம் எது எந்த ரூம் ஏசி, எது கீசர், எது மோட்டார்னு மார்க்கர்ல தமிழ்ல எழுதி ஒட்டிருங்க. ஓட்டறதுக்கு முன்னாடி வெளிய போய் ஒரு தடவை பாக்கணும், தண்ணி பைப் முனையில குச்சி விட்டுப் பாக்கணும், கருகல் வாடை வந்தா ஆஃப் பண்ணிட்டு உங்களுக்குப் போன் பண்ணணும், இந்த மூணையும் அதே தாள்ல கீழ எழுதி வைங்க.